மூன்று வயது இளைய மனைவிகள்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து நீங்கள் நாலு பேர் திருத்தணிக்கு வந்தீர்கள். என் வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மலைக்குக் காரிலேயே ஏறிக் காரிலேயே இறங்கினீர்கள். படி வழியாகப் போங்களேன் என்று சொன்னேன். "முட்டி வலிக்கும் மேடம்" என்றது உங்களில் ஒரு இருபத்து நாலு வயது முட்டி. அடுத்தவர்கள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பிழைக்கிறவர்கள் தங்கள் முட்டியைக் காப்பாற்றிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். கிளம்பும்போது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த எதையாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். நான் சாதித்த கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பதெல்லாம் நான் செய்த தப்புகள்தான். அதில் ஒன்றை எழுதுகிறேன்.

பென்ஷன் ஆலோசனைக் கம்பெனியில் ஆக்சுவரி வேலை என்றால் என்ன என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு கம்பெனியில் இத்தனை பேருக்குப் பென்ஷன் தர வேண்டும், அவர்களில் கடைசி ஆள் போகிறவரைக்கும் தர வேண்டும், அதற்கு இன்றைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்வதுதான் வேலை என்று விளக்கினேன். எதிர்வீட்டு அத்தை மறுநாள் மகனின் ஜாதகத்தோடு வந்தார். அது வேறு இது வேறு என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. இன்றைக்கும் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை.

சென்னையில் எங்கள் ஆபீஸில் எல்லாப் பரீட்சையும் தேறிய முழு ஆக்சுவரி ஒருவர்தான் இருந்தார், எங்கள் சார். கணக்கை நாங்கள் போடுவோம், கையெழுத்து அவருடையது. பரீட்சையில் எத்தனை பேப்பர் தேறியிருக்கிறோமோ அந்த எண்ணைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுவார். எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் ஏழு. நான் நாலு. ரிசல்ட் வருகிற அன்று ஆபீஸில் பலருக்குப் பெயர் மாறும். ஐந்தாவது பேப்பரில் நான் மூன்று தடவை விழுந்ததால் நீண்ட காலம் நாலாகவே காலம் தள்ளினேன்.

நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது ஒரு நூற்பாலையின் வேலை வந்தது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் இருந்த மில். அதன் பழைய முதலாளி நல்ல மனுஷர். ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு மாதாமாதம் பென்ஷன், அவருக்குப் பிறகு அவர் மனைவிக்கு ஆயுள் முழுக்கப் பாதிப் பென்ஷன் என்று ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். புதிதாக மில்லை வாங்கியவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி கசந்தது. தொழிலாளியின் பென்ஷன் தொடரட்டும், மனைவியின் பங்குக்கு மட்டும் இப்போதே ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்றார்கள். யார் யாருக்கு எவ்வளவு என்று நியாயமான பட்டியல் ஒன்று போட்டுத் தர வேண்டியது எங்கள் பொறுப்பு. பட்டியல் போட்டது நான்.

மில்லிலிருந்து வந்த ரிஜிஸ்டரில் ஒவ்வொரு தொழிலாளியின் பிறந்த தேதியும் இருந்தது. மனைவியைப் பற்றி ஒரே ஒரு விவரம்தான். உண்டு, அல்லது இல்லை. வயது கிடையாது. எங்கள் ஆபீஸில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மனைவியின் வயது தெரியாவிட்டால் கணவனைவிட மூன்று வயது குறைவு என்று எடுத்துக்கொள்வோம். யார் எந்தக் காலத்தில் ஆரம்பித்தார்களோ, அந்த மூன்று ஒவ்வொரு கணக்கிலும் அழகாக உட்கார்ந்திருந்தது. நானும் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தில் மூன்று என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். மொத்தம் நாலு விநாடி வேலை.

உங்களுக்குப் புரியும். ஆனாலும் உங்களில் சிலர் ஒப்புக்குத் தலையாட்டுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கணவர் போன பிறகு மனைவி எத்தனை வருடம் பாதிப் பென்ஷன் வாங்குவார் என்பதை வைத்துத்தான் அந்த மொத்தத் தொகை. மனைவிக்கு வயதைக் கூட்டிப் போட்டால் அந்த வருடங்கள் குறையும். வருடங்கள் குறைந்தால் தொகையும் குறையும்.

பட்டியலைத் தொழிலாளிகளுக்கு விளக்க ஒரு ஆள் மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. "ஏழு போனா அவன் பேசற தமிழ் அவங்களுக்குப் புரியாது. நாலு, நீ உங்க ஊர்ப் பக்கம்தானே, நீ போ" என்றார் சார். நான் பெருமையோடு, புதுப் புடவை கட்டிக்கொண்டு, திருத்தணியிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

மில் கேன்டீனில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள். பலர் வீட்டுப் பெண்களையும் அழைத்து வந்திருந்தார்கள். முன்னால் ஒரு மேஜை. அதில் சம்மதப் பத்திரங்கள், மைப்பெட்டி, பணத்துக்கான செக்குகள். மேஜைக்குப் பின்னால் மில்லின் பர்சனல் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுப் போகிற அவசரம் அவருக்கு. நான் போவதற்குள் இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்.

முதல் வரிசையில் முனுசாமி என்று ஒருவர் இருந்தார். ஸ்பின்னிங்கில் மேஸ்திரியாக இருந்து போன வருடம் ஓய்வுபெற்றவர். அறுபதைத் தொட்ட தலை, முழு வெள்ளை. பக்கத்தில் நல்ல உயரமாக, கருகருவென்று முடியோடு ஒரு பெண். விளக்கத்தை மனைவிமார்களும் கேட்பது நல்லது என்று எனக்கு ஒரு கரிசனம் பொங்கியது.

"ஐயா, உங்க பொண்ணு அப்படி ஓரமா உட்காரட்டும். வீட்டம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

கேன்டீன் கூரை அதிரச் சிரித்தது.

"இன்னாம்மா பேசற நீ? இவதான் என் சம்சாரம். எங்கக்கா பொண்ணு" என்றார் முனுசாமி.

பின்வரிசையிலிருந்து மச்சான் முறைக்காரர் ஒருவர், "முன்சாமி பாவா, தலைக்கு டை அடின்னு எத்தினி வாட்டி சொன்னேன், கேட்டியா?" என்று எடுத்துக் கொடுத்தார். மறுபடி சிரிப்பு. அந்தப் பெண்ணும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் பெயர் சுலோசனா.

நானும் அசடு வழியச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பெஞ்சுகளை ஒரு பார்வை பார்த்தேன். அக்கா மகளைக் கட்டியவர் அங்கே அவர் ஒருவர் மட்டுமில்லை. வரிசைக்கு வரிசை வெள்ளைத் தலைக்குப் பக்கத்தில் ஒரு கருப்புத் தலை. பத்து வயது, பன்னிரண்டு வயது, அதற்கு மேலும் இளைய மனைவிகள். என் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இதில் வெட்கக்கேடு என்ன என்று கேளுங்கள். என் அம்மாவே என் அப்பாவுக்கு அக்கா மகள். இருவருக்கும் பதினோரு வயது வித்தியாசம். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இதுதான் கதை. அந்த வீட்டில் பிறந்து, அந்த அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து மூன்று என்று தட்டியிருக்கிறேன். வீட்டில் தெரிந்தது ஆபீஸில் தெரியாமல் போய்விட்டது. வெளியூர்க்காரன் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். எனக்கு அந்தச் சலுகை இல்லை.

பர்சனல் ஆபீசர் முனுசாமியின் பத்திரத்தை எடுத்து முன்னால் வைத்துவிட்டார். முனுசாமி பேனாவைத் திறந்தார். என்ன செய்ய? பட்டியல் தப்பு என்றால் வேலை போகும் என்று பயம். சொல்லாவிட்டால் இந்தப் பெண்கள் வாழ்நாள் பென்ஷனை ஒரு சின்னத் தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் அந்த நிமிடம் வீரமாக எதுவும் செய்யவில்லை. பொய் சொன்னேன்.

"ஒரு நிமிஷம். கம்ப்யூட்டர்ல சின்னக் கோளாறு மாதிரி இருக்கு. இன்னொரு நாள் கையெழுத்து வெச்சுக்கலாம்."

கேன்டீனில் சிரிப்பு போய்க் கூச்சல் வந்தது. அரை நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் அவர்கள். பர்சனல் ஆபீசர் என் காதருகே குனிந்து, "கணக்குன்னா முன்னப் பின்ன இருக்கத்தாம்மா செய்யும். அவங்களே சந்தோஷமா வாங்கறாங்க, நீ ஏன் கெடுக்கற?" என்றார். முனுசாமி நேராகவே கேட்டார்.

"தர்ற பணத்தை ஏம்மா தடுக்கற? ரெண்டு பவர்லூம் தறிக்கு முன்பணம் குட்த்துட்டு வந்துக்கிறேன். பையன் வேலையில்லாம சுத்திகினு இருக்கான்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்போது சுலோசனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"கோளாறு இன்னான்னு சொல்லும்மா. எனக்கு எத்தினி வயசு போட்டுக்கிற அதுல?"

இதற்குமேல் பொய்க்கு வழியில்லை. "அம்பத்தேழு" என்றேன்.

கேன்டீன் மறுபடி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எனக்கு நாப்பத்திநாலும்மா" என்றார். "பதிமூணு வருஷத்தை முழுங்கிட்டியே."

மேஜை மேல் இருந்த பட்டியலை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். "தப்பு கம்ப்யூட்டர் பண்ணல. நான்தான் பண்ணேன். உங்க வீட்டுக்காரம்மாங்க வயசை யாரையும் கேக்காம நானே போட்டுட்டேன். உங்களுக்கு இதைவிட அதிகமா வரணும்" என்று சத்தமாகச் சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் புதுப் புடவை முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆபீசரின் அறையிலிருந்து சாருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார்.

"உங்க வீட்லயும் அப்படித்தானா?"

"ஆமா சார். பதினோரு வயசு."

"இதை இன்டர்வியூல சொல்லியிருந்தா அன்னிக்கே அந்த மூணை அழிச்சிருப்பேனே" என்றார். நான் அழுகிற நிலையில் இருந்தேன் என்று தெரிந்துதான் கேலி செய்தார் என்று நினைக்கிறேன். பிறகு குரல் மாறியது. "சரி, அந்தப் பத்திரத்தைப் படி. யார் யார் கையெழுத்துக்கு இடம் இருக்கு?"

படித்தேன். தொழிலாளி கையெழுத்து. சாட்சி கையெழுத்து, ஷிப்ட் சூப்பர்வைசர்.

"யாரோட பென்ஷனை விக்கறாங்க?"

"மனைவியோடது."

"அவங்களுக்கு எங்க இடம்?"

இல்லை. சாட்சிக்கு இடம் இருந்தது, மனைவிக்கு இல்லை.

"நாலு, வயசு உன் தப்பு. இந்தப் பத்திரத்தைப் போன வாரமே நான் பாத்து ஓகே சொல்லிட்டேன். இது என் தப்பு. ஆபீசர்கிட்ட போனைக் குடு" என்றார். பட்டியலைத் திரும்பப் பெறுவதாகவும், ஏற்கெனவே கையெழுத்தான இரண்டும் செல்லாது என்றும் அவர் சொன்னது ஆபீசரின் முகத்தில் தெரிந்தது.

அடுத்த மூன்று வாரம் எனக்கு டவுன் பஸ்ஸில் கழிந்தது. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, நடுவில் இருக்கிற ஊர்கள் எல்லாம் போய், வீடு வீடாக மனைவிகளின் வயதை எழுதி வந்தேன். பெண்ணிடம் வயது கேட்பது எப்படிப்பட்ட வேலை என்று நீங்கள் அனுபவித்தால்தான் தெரியும். ஒரு வீட்டில் கணவர் "அம்பது" என்றார், உள்ளேயிருந்து "நாப்பத்தேழு!" என்று குரல் வந்தது, வெளியே தறியிலிருந்து மாமியார் "அம்பத்திரண்டு" என்றார். ரேஷன் கார்டில் நாற்பது. இன்னொரு அம்மா, "பெரிய புயல்ல எங்க கூரை பறந்துச்சே, அப்ப நான் கைக்கொழந்த" என்றார். எந்தப் புயல் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. பலர் என் முகத்துக்கு நேராகவே திட்டினார்கள். பணத்தைத் தள்ளிப்போட்டவள் என்று பெயர் பரவியிருந்தது. முனுசாமி வீட்டில் அவர் முகம் கொடுத்தே பேசவில்லை. சுலோசனாதான் டிரங்குப் பெட்டியைக் குடைந்து எட்டாவது வகுப்பு சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினார். நாற்பத்து நாலு சரி.

புதுக் கணக்கில் சிலருக்குத் தொகை கொஞ்சம் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய இரண்டு பங்கானது. மில்காரர்கள் குதித்தார்கள். சார் இரண்டு தடவை நேரில் போய்ப் பேசினார். கடைசியில் புதுத் தொகைக்கு ஒப்புக்கொண்டார்கள். வேண்டுமென்பவர்கள் மொத்தமாக வாங்கலாம், வேண்டாமென்பவர்களுக்குப் பழையபடி பென்ஷன். பத்திரத்தில் சாட்சிக்கு மேலே மனைவி கையெழுத்துக்கு ஒரு கோடு போடப்பட்டது.

மறுபடி அதே கேன்டீன், அதே மைப்பெட்டி. இந்தத் தடவை முனுசாமிக்கு என் மேல் கோபம் போயிருந்தது. ஏறக்குறைய இரண்டு பங்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். தறிக்குப் போக மிச்சமும் இருக்கும். சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

சுலோசனா பேனாவை வாங்கிக்கொண்டார். பத்திரத்தை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீ படிச்சவ. எது நல்லதுன்னு நீ சொல்லு."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த இடம். ஒன்றரை வருடம் இந்த வேலை பார்த்தவள், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. எழுபது பெண்களுக்கு என்ன நடக்கும் என்று என்னிடம் நல்ல கணக்கு இருந்தது. இந்த ஒருவருக்கு என்ன நடக்கும் என்று தெரியாது.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "உங்களை மாதிரி ஆயிரம் பேரைக் குடுத்தா எத்தனை பேர் எவ்வளவு நாள் இருப்பாங்கன்னு சொல்லிடுவேன். நீங்க ஒருத்தர் எவ்வளவு நாள் இருப்பீங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. இந்தத் தொகை நியாயமான தொகை. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"ஆங்" என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்து முணுமுணுத்தார்கள். "போடு சுலோ" என்றார் முனுசாமி.

சுலோசனா பேனாவை மூடிப் பத்திரத்தின் மேல் வைத்தார்.

"மாமா, தறி உன் பேர்ல இருக்கும். இது என் பேர்ல இருக்கட்டும்."

முனுசாமி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எங்கக்கா மாதிரியே பேசறா" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அன்றைக்கு அவரைப்போல வேறு பதினாறு பெண்களும் அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் எல்லாரும் அதுவரைக்கும் கையில் பேனா பிடித்து எனக்கு வேண்டாம் என்று சொன்னதே கிடையாது என்று நினைக்கிறேன். வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் பிறகு நான் பத்து பேப்பர் தேறியபோதும் வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் நாங்கள் மூவரும் இருந்தோம். முனுசாமி முன்னால் ஆண்கள் பக்கம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சுலோசனா என் பக்கத்தில். அவர்கள் ஊர் வந்ததும் முனுசாமி இறங்கி, மனைவியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

உங்கள் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் அந்தக் கட்டம் இருக்கிறது, நீங்கள் வந்திருந்தபோது பார்த்தேன். இப்போது அதில் மூன்று இல்லை, நாலு. யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டபோது நீங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பஸ் டிக்கெட் எடுத்தால் கிடைக்கிற விவரத்துக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். போய்ப் பார்த்தால் வயதோடு வேறு ஏதாவதும் கண்ணில் படும், அந்தக் கோடு இல்லாத பத்திரம் மாதிரி.

முனுசாமி இரண்டு தறி வாங்க நினைத்த இடத்தில் ஒன்று வாங்கினார். அது ஆறேழு வருடம் ஓடியது, பிறகு பையன் விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனான். முனுசாமியும் எழுபதைத் தாண்டிக் கொஞ்ச நாளில் போய்விட்டார். முதல் பட்டியலில் நான் போட்டிருந்த தொகை மட்டும் சுலோசனாவிடம் இருந்திருந்தால் எப்போதோ கரைந்திருக்கும். பாதிப் பென்ஷன் போன மாதமும் அவர் பெயரில் வந்தது.